பதிலாள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அந்தச் சுற்றறிக்கையை நான்தான் தட்டச்சு செய்கிறேன். 'பெற்றோர் கவனத்திற்கு' என்று தலைப்பு. கீழே ஒன்பது விதிகள். முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பு எடுக்கக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்று வேண்டும். விடுப்புக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டும். பிள்ளை வராத நாளில் காலை பத்து மணிக்குப் பெற்றோரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். இப்படியே போய், ஒன்பதாவது விதி: பிளஸ் டூ மாணவருக்கு எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது. அதற்கு மட்டும் தடித்த எழுத்து. பன்னிரண்டு வருடமாக இதே ஒன்பதுதான். வருடத்தை மட்டும் மாற்றுவேன்.

என் பெயர் செந்தில்நாதன். நெய்வேலி நகரியத்தில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக எழுத்தர். அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, பெர்மனென்ட் ஆகி, ஓய்வு பெற்றவர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மனைவி புவனா சுரங்க நிறுவனத்தில் பெர்மனென்ட். பிளாக் பத்தொன்பதில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் அவள் பேரில். சண்டை வந்தால் "யார் வீட்டுல உக்காந்துகிட்டு யாரை அதட்டுறீங்க?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், வேலை போய்விடுமோ என்று பயந்தவன் எப்படியெல்லாம் நடந்துகொள்வான் என்பது பின்னால் வரப்போகிறது. நான் அந்த ரகம்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு கட்டடம். சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளும் முதல்வர் அறையும். இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளும் என் அலுவலகமும். மாணவர்கள் வருகையை வகுப்பாசிரியர்கள் கணினியில் போட்டுவிடுவார்கள். அதைத் தொகுத்து, வராதவர்களின் வீட்டுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. அது போக, கான்ட்ராக்டில் பெருக்கித் துடைக்க வரும் பெண்களின் மஸ்டர் என்னும் வருகைப் பதிவேடும் என்னிடம் இருந்தது. தினமும் அவர்கள் கையெழுத்துப் போட, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போடுவேன். வந்தவர் யார், வராதவர் யார் என்று முடிவு செய்கிறவன் நான் என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி அம்சவல்லி. ஊர் வடக்குத்து. நாற்பத்தோரு வயது. புருஷன் ஆறு வருடம் முன்பு திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், இப்போது போன்கூட எடுப்பதில்லை. எட்டு வருடமாகச் சின்னப் பள்ளியைப் பெருக்குவது இவள்தான். இங்கே பெருக்குவது லேசான காரியமில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று திரும்பினால், காலை ஏழு மணிக்குத் துடைத்த வராந்தாவில் எட்டு மணிக்குக் கால் தடம் தெரியும். மறுபடி துடைப்பாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

அவளுக்கு ஒரே பெண், பிரபாவதி. ஊர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்திரண்டு எடுத்தவள். மதிப்பெண்ணைப் பார்த்து அப்போதிருந்த முதல்வர் கட்டணச் சலுகையில் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டார். அம்மா சாலைக்கு இந்தப் பக்கம் பெருக்க, மகள் அந்தப் பக்கம் படித்தாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

போன செப்டம்பரில் அம்சவல்லிக்கு ஆபரேஷன். மாதக்கணக்கில் உதிரப்போக்கு, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார்கள். அவள் போய் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கொளஞ்சிநாதனிடம் நின்றாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், பைக்கில் இருந்து இறங்காமலே பேசுகிறவன். என் ஜன்னலுக்கு நேரே வைத்துத்தான் பேசினான்.

"லீவு கீவுன்னு ஒன்னும் இல்லக்கா. மூணு நாளு ஆளு வரலன்னா ஒன் வேல பாஸ வேற பேருக்கு மாத்திடுவாங்க. இருவது பேரு காத்துகினு இருக்காங்க. வூட்டுலேர்ந்து பதிலாள் ஒருத்தர அனுப்பு. பேரு ஒம் பேருதான். ஒனக்கும் வேல போவாது, எனக்கும் தலவலி இல்ல."

இது ஒன்றும் புதிதில்லை. இங்கே கான்ட்ராக்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அண்ணனுக்குத் தம்பி வருவான், மாமியாருக்கு மருமகள் வருவாள். மஸ்டரில் பேர் நிற்க வேண்டும், தரை சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் நிற்கிற ஆள் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அம்சவல்லியின் வீட்டில் அனுப்புவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது.

முதல் இரண்டு நாள் நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பச்சைக் கோட்டு, தலையில் துணி, முகத்தில் மாஸ்க். எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். மூன்றாம் நாள்தான் மஸ்டரில் கையெழுத்து கண்ணில் பட்டது. அம்சவல்லி கோணல்மாணலாக, 'ல்லி'யைக் கட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் எழுதுவாள். இது அச்சடித்த மாதிரி இருந்தது.

"என்னம்மா, கையெழுத்து திடீர்னு இவ்வளவு அழகா ஆயிருச்சு?"

மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "நான் பிரபாவதி சார். பன்னெண்டாவது பி."

"கிளாஸ் இல்லையா உனக்கு?"

"இருக்கு சார். அம்மாவுக்கு ஆபரேஷன். பாஸு போயிட்டா மறுபடி கெடைக்காது. ஆறு வாரந்தான் சார். நோட்ஸெல்லாம் வாங்கி எழுதிகினுதான் இருக்கேன்."

என்ன செய்திருக்க வேண்டும்? முதல்வரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கொளஞ்சிநாதனைக் கூப்பிட்டு, படிக்கிற பெண்ணை எடுக்காதே, ஆறு வாரத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள், அம்சவல்லியின் பாஸை மட்டும் விட்டுவை என்று சண்டை போட்டிருக்கலாம். நான் செய்தது வேறு. "கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாப் போடு. இல்லேன்னா யாராவது பார்த்தா கேப்பாங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். நானூற்று அறுபத்திரண்டு வாங்கிய பெண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கோணலாக எழுதக் கற்றுக்கொடுத்தேன். அவளும் கெட்டிக்காரி. மறுநாளே 'ல்லி'யைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள். நான் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். ஏழைக்கு ஒரு உபகாரம் செய்கிறோம் என்று அன்றைக்கு மனசு நிறைந்துகூட இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் பச்சைக் கோட்டைப் பார்த்தால் 'ஆயா' என்றுதான் கூப்பிடும். "ஆயா, ஒன்னுக்கு!" என்று ஒரு வாண்டு வந்து அவள் கையைப் பிடிக்கும். பதினேழு வயசு ஆயா கூட்டிப்போய் விட்டு, கால் கழுவி, டவுசரை மாட்டி அனுப்புவாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்க்கவில்லை. எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் பெருக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று உள்ளே பார்ப்பாள். அங்கே டீச்சர் பெயர் கூப்பிட, பிள்ளைகள் எழுந்து நின்று கத்தும்.

அதே நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கமும் பெயர் கூப்பிடுவார்கள். ஒன்பதரைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவில் பிரபாவதிக்கு 'ஆப்சென்ட்' விழும். பத்து மணிக்கு என் கணினியில் பட்டியல் வரும். நான் பொத்தானை அழுத்துவேன். 'அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் மகள் பிரபாவதி இன்று பள்ளிக்கு வரவில்லை.' அழுத்திய மறு நொடி வராந்தாவில் கிளி கத்தும்.

கிளி என்பது அவர்கள் வீட்டு செல்போனின் மெசேஜ் சத்தம். இருக்கிற ஒரே போன் அது. தினமும் காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது கொளஞ்சிநாதன் போட்ட சட்டம். அதனால் போன் பிரபாவிடம் இருந்தது. அவள் பள்ளிக்கு வரவில்லை என்று நான் அனுப்பும் செய்தி, பள்ளிக்கூட வராந்தாவில், அவள் கோட்டுப் பைக்குள்ளேயே வந்து விழும். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஒரு நாள் கேட்டேன். "மெசேஜ் வருதே, அம்மாகிட்ட சொல்றியா?"

"இல்ல சார். படுத்துகினு கெடக்குது. எதுக்குங்க?" என்றாள்.

அக்டோபரில் வகுப்பாசிரியை புகார் எழுதினார், நீண்ட நாள் வரவில்லை, வீட்டுக்குக் கடிதம் அனுப்பவும் என்று. விதிப்படி கடிதம் அடித்தேன். தபாலில் போட வேண்டியதை வராந்தாவுக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்தேன். "போஸ்ட்மேனுக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

ஆறு வாரம் என்றது ஒன்பது வாரமானது. அம்சவல்லிக்குச் சர்க்கரை; தையல் ஆறவில்லை. நவம்பர் கடைசியில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். பிரபாவதி சாலையைக் கடந்து வகுப்புக்குப் போனாள். நடுவில் தவறிய தேர்வுகளைத் தனியே எழுதி, அரையாண்டில் வகுப்பில் நான்காவதாக வந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றே நினைத்தேன். ஒன்பதாவது விதி எனக்கு மறந்திருந்தது. அதை வருடாவருடம் தட்டச்சு செய்கிற எனக்கே மறந்திருந்தது.

ஜனவரியில் பொதுத்தேர்வுப் பட்டியல் தயாரிக்கும்போது அந்த வரி சிவப்பில் வந்தது. கணக்கு முடிக்கும் தேதி வரை வேலை நாள் நூற்று அறுபது. பிரபாவதி வந்தது நூற்றுப் பதினான்கு. வர வேண்டியது நூற்று இருபது. ஆறு நாள் குறைந்தது. நாற்பத்தாறு நாள் என் கண் முன்னால் இருந்தவளுக்கு ஆறு நாள் இல்லை.

அம்சவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை.

"ஆறு நாளுதான சார்? நாங்க லீவு போட்டா ஞாயித்துக்கெழம ரெட்ட டூட்டி பாத்துக் கழிச்சிடுவோம். அதுவும் ஆறு ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்துக்கும். காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்துகினு இருக்கச் சொல்றேன்."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை கிளாஸ் இல்லையே."

"அப்ப பதிலாள் வச்சுக்கலாங்களா? எனக்குப் பதிலா அது நாப்பத்தாறு நாளு வந்துச்சு. அதுக்குப் பதிலா நா ஆறு நாளு வரக்கூடாதா சார்? என் வேலைய முடிச்சிட்டு, பின்னால பெஞ்சில ஒரு ஓரமா ஒக்காந்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எட்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த வருகைப் பதிவில் அதுதான் முறை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று நினைத்தேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க சார். எனக்கு வேற தெரியல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"தாய்க்கு ஆபரேஷன், பார்த்துக்க வேற ஆள் இல்லைன்னு சொல்லுவோம். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கிட்டு வா. மேடம் மனசு வச்சா போர்டுக்கு எழுதி சலுகை வாங்கலாம். பதிலாள் விஷயத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. நான் கூட இருக்கேன். நான் பேசுறேன்."

"நீங்க பேசுவீங்க இல்ல சார்?"

"பேசுறேம்மா."

சந்திரா மேடம் போன ஜூனில்தான் முதல்வராக வந்தவர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்று நானும் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். போன மாதத்துக்கு மேடத்தின் கையெழுத்து வாங்க மஸ்டரும் கையில் இருந்தது. அம்சவல்லி வேலை நேரத்தில் அனுமதி கேட்டு வந்ததால் பச்சைக் கோட்டோடு கதவருகே நின்றாள்.

மேடம் நிமிர்ந்து பார்த்து, "அப்புறமா வந்து பெருக்கும்மா. இப்ப ஒரு பேரன்ட் வரப்போறாங்க" என்றார்.

"நாந்தாங்க பேரன்ட்டு. பிரபாவதி அம்மா."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டார். "ஸாரிங்க. உள்ள வாங்க. உக்காருங்க." அம்சவல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எட்டு வருடமாக நாற்காலி துடைக்கிறவள் அந்தப் பள்ளியில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை மேசை மேல் வைத்தாள். மேடம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எப்போது ஆபரேஷன், எப்போது வீட்டுக்கு வந்தது, தையல் பிரிந்தது, எல்லாம் கேட்டார். "உங்களைப் பார்த்துக்க வேற யாரும் இல்லையா?" "இல்லீங்க." "அவங்க அப்பா?" "இல்லீங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் எழுதுறேங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு. ஆறு நாள்தானே, கிடைச்சுரும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லெட்டர்பேடை இழுத்தார். அம்சவல்லி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வரி எழுதியிருப்பார். திடீரென்று நிறுத்தி, "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"இங்கதாங்க. நம்ம சின்ன ஸ்கூல்ல."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க அந்த ஒன்பது வாரமும் வேலைக்கு வரலைங்கற ரெக்கார்டையும் சேர்த்து அனுப்பிட்டா போர்டுல மறுபேச்சு பேச மாட்டாங்க. செந்தில்நாதன், மஸ்டர் உங்க கையிலதானே இருக்கு? எடுங்க."

நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நான் மஸ்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்தேன்.

செப்டம்பரைப் பிரித்தார். அக்டோபர். நவம்பர். ஒரு கட்டம்கூட காலி இல்லை. எல்லாவற்றிலும் 'அம்சவல்லி'. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் என் சுருக்கொப்பம். அந்த முதல் மூன்று நாள் அழகான கையெழுத்து மட்டும் தனியே தெரிந்தது. கடவுளே, அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பட்டிருந்தால், வந்தது வேறு ஆள் என்று தெரிந்து, அந்தப் பெண் பிழைத்திருப்பாள். அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

"என்ன இது?" என்றார் மேடம். "ஒரு நாள்கூட லீவு போடலையே? செந்தில்நாதன், இது உங்க கையெழுத்துதானே? இந்தம்மா வந்தாங்களா, வரலையா?"

அம்சவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அவங்க வரலை மேடம், அவங்க பொண்ணுதான் வந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு.' அதைச் சொன்னால் பொய் மஸ்டர் போட்டவன் என்று என் வேலை போகும். அவள் பாஸும் போகும். அவள் பாஸ் போய்விடுமே என்றுதான் வாய் வரவில்லை என்று பிற்பாடு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிஷம் என் மனசில் இருந்தது நான் மட்டும்தான்.

"வந்தாங்க மேடம்" என்றேன்.

மேடம் பேனாவை மூடினார். ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு விரலால் தள்ளினார். "அப்ப இது என்னம்மா? யார் சீட்டு இது? பொண்ணை எங்க அனுப்பி வச்சிருந்தே நாப்பத்தாறு நாளு?" 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

அம்சவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கோட்டுப் பொத்தானைக் கழற்றித் தையல் தழும்பைக் காட்டப்போகிறாளோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது. அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. சீட்டை எடுத்து மடித்துக்கொண்டாள்.

"நா வேலைக்கு வந்தேங்க. சார் சொல்றதுதான் நெசம்" என்றாள்.

"இப்படிப் பொய் சொல்லிப் புள்ளை வாழ்க்கையைக் கெடுக்கறியே" என்றார் மேடம். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். எழுதின இரண்டு வரியைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அந்தக் கூடையைச் சாயந்தரம் அம்சவல்லி மாதிரி இன்னொருத்தி வந்து எடுத்துக் கொட்டுவாள்.

வெளியே வந்து அவள் சாலையைக் கடந்தாள். வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"அம்சா, நான் உண்மையைச் சொல்லியிருந்தா உன் பாஸு..."

"தெரியும் சார். எம் பாஸும் போயிருக்கும், ஒங்க வேலையும் போயிருக்கும். நாலு நாள் பட்டினி கெடந்தாலும் வேற எடத்துல வேல தேடிகினு இருப்பேன் சார் நானு. அதுக்கு இந்த வருசம் திரும்ப வராது." நின்று என் முகத்தைப் பார்த்தாள். "நானே சொல்லியிருக்கலாம். நா சொன்னா அவங்க நம்புவாங்களா, நீங்க 'வந்தாங்க'ன்னு சொன்ன பொறவு? நீங்க பேசுறேன்னு சொன்னீங்களே சார்."

அன்று சாயந்தரம் கணினியில் ஒரு கடிதம் அடித்தேன். மேடம் பெயருக்கு, நடந்ததெல்லாம் நடந்தபடி. ஒரு பக்கம் வந்தது. அச்செடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புவனாவிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "இப்ப சொன்னா அப்ப ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. உங்களுக்கு ஏன் வேண்டாத வேலை?" என்றாள். யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். அந்தக் கடிதம் இன்னமும் என் கணினியில் இருக்கிறது.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடிந்ததும் கான்ட்ராக்ட்காரர்கள் ஒரு பரிசு கொடுத்தார்கள். வருடம் முழுக்க ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பணியாளருக்கு ஒரு ஹாட்பாக்ஸும் சான்றிதழும். மஸ்டரைப் பார்த்துப் பெயரை எடுத்தவன் கொளஞ்சிநாதன். சான்றிதழைத் தட்டச்சு செய்தவன் நான். 'திருமதி அம்சவல்லி' என்று மைக்கில் கூப்பிட்டார்கள். சந்திரா மேடம்தான் கொடுத்தார். அம்சவல்லி வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாம் கை தட்டின. மேல்நிலைப் பிள்ளைகளின் வரிசையில் பிரபாவதி நின்றாள். அவளும் தட்டினாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சான்றிதழை அம்சவல்லி நேராக என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "படிங்க சார்" என்றாள். படித்தேன். 'நூறு சதவீத வருகை.'

"ஒங்க பரிச்சைக்கு எழுவத்தஞ்சு இருந்தா போதும்னு சொன்னீங்க. இதுல நூறு இருக்கு. இதுல பேர மாத்தி எம் பொண்ணு பேரப் போட்டுக் குடுங்க. அது வந்த நாளுதான இது."

அவளுக்குத் தெரியும் முடியாது என்று. தெரிந்துதான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சான்றிதழை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஹால் டிக்கெட் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவுக்கு முப்பத்தெட்டு. வகுப்பில் முப்பத்தொன்பது பேர். கொடுத்த அன்று பிரபாவதியும் வரிசையில் நின்றாளாம், தன் பெயர் வராது என்று தெரிந்தும். வகுப்பாசிரியை சொன்னார். அடுத்த வருஷம் தனியாக எழுதலாம் என்று ஆறுதல் சொன்னாராம். சரிங்க மிஸ் என்று தலையாட்டினாளாம். பிறகு டெஸ்க்கில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாளாம்.

மறுநாள் அவள் வரவில்லை. ஒன்பதரைக்கு ஆப்சென்ட் விழுந்தது. பத்து மணிக்குப் பட்டியல் என் திரைக்கு வந்தது. அதில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அனுப்பாமல் விட்டால் ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். பொத்தானை அழுத்தினேன்.

வராந்தாவில் கிளி கத்தியது.

துடைப்பச் சத்தம் நின்றது. அம்சவல்லி கதவருகே வந்தாள், ஒரு கையில் போன், மறு கையில் துடைப்பம்.

"என்னா சார் வந்திருக்கு? படிங்க."

"வேண்டாம்மா. எப்பவும் வர்றதுதான்."

"எனக்கு இதுவரைக்கும் யாரும் படிச்சுக் காட்டல சார். படிங்க."

வாங்கிப் படித்தேன். "அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் மகள் பிரபாவதி இன்று பள்ளிக்கு வரவில்லை."

கேட்டுக்கொண்டாள். போனைத் திருப்பி வாங்கிக் கோட்டுப் பையில் போட்டாள்.

"நாப்பத்தாறு நாளு பொய்யி அனுப்புனீங்க சார். அது இங்கதான் இருந்துச்சு, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. இன்னிக்கு அனுப்புனதுதான் நெசம்."

மேசையில் மஸ்டர் திறந்திருந்தது. குனிந்து, கோணல்மாணலாக, 'ல்லி'யைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கமாக நகர்த்தினாள். நான் சுருக்கொப்பம் போட்டேன்.